யாரும் அமுக்காத பொத்தான்

முதல் நாள் காலையில் எனக்குப் பூரி சாப்பிட வேண்டும்போல இருந்தது. கணபதி என்ற பகுதியில் நான் தங்கியிருந்த விடுதிக்கு எதிரே ஒரு சின்ன மெஸ். பரிமாறியவருக்குக் கிட்டத்தட்ட என் வயது, நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். "பூரி இருக்குங்களா?" என்று கேட்டேன். இந்த ஊரில் 'ங்க' போட்டுத்தான் பேச வேண்டும் என்று விமானத்திலேயே முடிவு செய்திருந்தேன்.

"இட்லி சூடா இருக்குதுங்க," என்றார்.

"பூரி?"

"தோசை முறுகலா போட்டுத் தரட்டுங்களா?"

மூன்றாவது முறையும் நான் பூரி என்றதும், பக்கத்து மேசைக்காரர் இரக்கப்பட்டு, "பூரி ஞாயித்துக்கெழமதானுங்க மேடம்," என்றார். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் உணவங்காடியில் இதே கேள்வியைக் கேட்டால், நான் வாயை மூடுவதற்குள் "முடிஞ்சிருச்சு, வேற சொல்லு" என்று வந்துவிடும். மரியாதை கிடையாது, குழப்பமும் கிடையாது. இட்லி நன்றாகத்தான் இருந்தது. 'இல்லை' என்ற ஒரு சொல்லைத் தவிர்க்க அந்த மனிதர் பட்ட பாட்டை அப்போதே நோட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவுக்கு ஐரோப்பாவில் சட்டம் போட்டிருக்கிறார்கள். அதன் வாக்கியங்கள் வக்கீல்களுக்குப் புரியும். மெஷின் செய்கிறவருக்குப் புரியாது. மனிதரின் மேற்பார்வை வேண்டும் என்கிறது சட்டம். சரி, பட்டறையில் நிற்கிறவர் அதற்காக எங்கே துளை போடுவார், எந்த வயரை எங்கே இழுப்பார்? அந்த வாக்கியத்தைப் பொத்தானாகவும் திரையாகவும் பதிவேடாகவும் மாற்றிச் சொல்வது என் தொழில். என் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டங்கள் இருக்கும்: சட்டம் என்ன சொல்கிறது, அதற்கு என்ன அர்த்தம், மெஷினில் என்ன இருக்க வேண்டும், இருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி. இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

என்னை வரவழைத்தது ஜெர்மனியில் இருக்கும் ஒரு லிஃப்ட் கம்பெனி. கோவிந்தராஜ் என்பவரிடமிருந்து அவர்கள் லிஃப்ட் பிரேக்குக்கான இரும்பு வார்ப்புகளை வாங்கப்போகிறார்கள். அவருக்குச் சத்தி ரோட்டில் கோவில்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பவுண்டரி, கணபதியில் ஒரு பட்டறை. வார்ப்புகளைச் சோதிக்க ஒரு மெஷினை அவரே செய்திருக்கிறார். கேமரா பார்க்கும், நல்லதென்றால் திரையில் பச்சை, பழுதென்றால் சிவப்பு. சட்டம் இந்த மெஷினை நேரடியாகத் தொடுமா தொடாதா என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்கலாம். வாங்குகிறவர்கள் அதற்கெல்லாம் காத்திருக்காமல் சட்டத்தில் உள்ளதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டால் பெட்டிகள் தூத்துக்குடிக்குக் கிளம்பும். போடாவிட்டால் அவர்கள் வேறு பவுண்டரியைப் பார்ப்பார்கள். நானோ பதினான்காவது மாடியில் குடியிருக்கிறவள். லிஃப்ட் பிரேக் எனக்குக் காகித விஷயம் இல்லை.

திங்கள்கிழமை பட்டறைக்கு நடந்தே போனேன். கணபதித் தெருக்களில் ஒரு வீட்டில் லேத் ஓடுகிறது, அடுத்த வீட்டில் துணி காய்கிறது, அதற்கடுத்த வீட்டில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறார்கள். எங்கள் ஊரில் தொழிற்பேட்டை ஒரு பக்கம், குடியிருப்பு ஒரு பக்கம், நடுவில் பெருவிரைவு ரயில். இங்கே எல்லாம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான்.

கோவிந்தராஜ் ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். வீட்டில் தெலுங்கு, வெளியே கொங்குத் தமிழ், மெஷினோடு மட்டும் இங்கிலீஷ். தேங்காய் பன்னும் டீயும் வரவழைத்துவிட்டுத்தான் மெஷின் மேல் இருந்த துணியை எடுத்தார். சொந்தப் பிள்ளையை அறிமுகம் செய்கிற முகம். பார்த்த அளவில் நல்ல வேலை. எந்தப் படத்துக்கு என்ன முடிவு சொன்னது என்று எல்லாம் பதிவாகிறது. பயிற்சிக்கு வைத்த படங்களுக்கும் ஒழுங்கான கணக்கு இருந்தது. என் கட்டங்கள் வேகமாக நிரம்பின.

கடைசியாக மஞ்சள் பொத்தான். மெஷின் பச்சை காட்டும்போது, நிற்கிறவருக்கு அது தப்பென்று தோன்றினால் அமுக்க வேண்டியது. மனித மேற்பார்வை என்பதை நான் இப்படித்தான் மாற்றி எழுதி அனுப்பியிருந்தேன். மறுத்தவர் யார் என்று பதிவாக வேண்டும், மறுப்பு நடந்தது சுற்றி இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும், பொறுப்பாளருக்குத் தகவல் போக வேண்டும். கோவிந்தராஜ் எழுத்துக்கு எழுத்து செய்திருந்தார். அமுக்கினேன். பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கூவல், திரையில் பெரிய எழுத்தில் பெயர். அவர் சட்டைப் பையில் போனும் ஒலித்தது. நான் பூரித்துப் போனேன்.

பிறகு பவுண்டரியில் ஓடும் இதேபோன்ற இன்னொரு மெஷினின் இரண்டு மாதப் பதிவைத் திறந்தேன். ஒருமுறைகூட யாரும் அந்தப் பொத்தானை அமுக்கவில்லை.

"மெஷினு அவ்வளவு கரெக்ட்டுங்க மேடம்," என்றார் கோவிந்தராஜ்.

"எந்த மெஷினும் அவ்வளவு கரெக்ட் இல்லீங்க."

இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பயந்தது இதற்குத்தான். மெஷின் சொல்வதற்கெல்லாம் மனிதர்கள் தலையாட்டப் பழகிவிடுவார்கள் என்று. பச்சைக்குத் தலையாட்ட ஓர் ஆளை நிறுத்திவிட்டு அதை மேற்பார்வை என்று சொல்ல முடியாது. நாளைக்கு நேரில் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்தேன். காரை அனுப்புகிறேன் என்றார். வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன் என்றேன். ஊர் பார்க்க வந்தவள் என்ற திமிர்.

செவ்வாய்க்கிழமை சத்தியமங்கலம் பஸ். ஜன்னலோர இடம். பக்கத்தில் மடியில் முருங்கைக்காய்க் கட்டோடு ஓர் அம்மா. கோவில்பாளையம் வந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். "அதுக்கென்னங்க அம்மணி," என்றார். சரவணம்பட்டி வரை கண்ணாடிக் கட்டிடங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் நல்ல காற்று. தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது பஸ் புளியம்பட்டியில் நின்றிருந்தது. பதறி எழுந்தேன். முருங்கைக்காய் அம்மாவுக்கு என்னைவிட வருத்தம்.

"கண்டக்டரு சத்தம் போட்டாருங்க. நானும் பாத்தனுங்க. நீங்க அசந்து தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்ப மனசு வரலீங்க."

"நான்தானே எழுப்பச் சொன்னேன்?"

"ஆமாங்க. ஆனா பாவமா இருந்துச்சுங்க."

கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் கோபப்படவும் வழியில்லை. இறங்கி, ஓர் இளநீர் குடித்து, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைப் பிடித்துப் பவுண்டரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. யாரும் ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. வெயில் அதிகமா என்றுதான் கேட்டார்கள்.

மெஷினுக்கு முன்னால் நின்றவர் மயிலாத்தா. ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் சட்டை, தலையில் துண்டு, கையில் ஒரு சின்னச் சுத்தி. வார்ப்பு கேமராவுக்குக் கீழே போகும், பச்சை வரும், இந்தப் பக்கம் வரும். அவர் அதைச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு கிரேட் எனும் இரும்புக் கூண்டில் அடுக்குவார். அவ்வப்போது குனிவார், நிமிர்வார். மூன்று மணி நேரம் நின்று பார்த்தேன். பொத்தான் பக்கம் அவர் கை போகவே இல்லை.

நடுவில் சாப்பாடு. அவருடைய தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சாதம். எனக்குப் பாதியைத் தள்ளி, மேலே நெய்யையும் விட்டார். எங்கள் ஊரில் பிரியாணிக்கு இருக்கும் மரியாதை இந்தச் சோற்றுக்கு இங்கே இருக்கிறது. அது நியாயம்தான் என்று இரண்டாவது கவளத்திலேயே ஒப்புக்கொண்டேன்.

"மெஷின் எப்படி ஓடுதுக்கா?"

"நல்லா ஓடுதுங்க அம்மணி."

"தப்பே பண்றதில்லையா?"

"மொதலாளி பாத்துப் பாத்துச் செஞ்சதுங்க."

சாயங்காலம் என் நோட்டில் மனித மேற்பார்வைக்கு நேராக 'இல்லை' என்று எழுதினேன். எனக்கு அந்தச் சொல்லைச் சொல்வதில் எந்தச் சிரமமும் கிடையாது.

புதன்கிழமை கோவிந்தராஜின் காரிலேயே போனேன். முந்தின நாள் நின்றதில் இடுப்பு பிடித்திருந்தது. யாரோ ஒரு குட்டை முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் மேசைக்கு அடியில் இருந்த நீல பிளாஸ்டிக் கூடை கண்ணில் பட்டது. நின்றுகொண்டிருந்தால் ஒரு மாதம் ஆனாலும் பார்த்திருக்க மாட்டேன்.

பச்சை வந்தது. மயிலாத்தா தட்டினார். கிண் என்ற சத்தம் வரவில்லை, மொத்தென்று ஒரு சத்தம். குனிந்தார். வார்ப்பு நீலக் கூடைக்குள் போனது. நிமிர்ந்து அடுத்ததை எடுத்தார்.

"அக்கா, அது என்ன கூடை?"

"அது சும்மாங்க."

கோவிந்தராஜ் உலைப் பக்கம் போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு மறுபடியும் கேட்டேன். இந்த முறை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"மேல பாத்தா நல்லாத்தானுங்க இருக்கும். உள்ள கீறல் இருந்தா சத்தம் வராதுங்க. அப்பிடி இருக்கறத ஓரமா வெச்சுபோடுவேனுங்க. பொழுதோட சூப்பர்வைசர் எடுத்துட்டுப் போயி மறுபடியும் உலையில போட்டுபோடுவாரு."

"அப்ப அந்த மஞ்சப் பொத்தானை ஏன் அமுக்கலை?"

என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, மொதலாளி ஒரு வருசமா உக்காந்து செஞ்ச மெஷினுங்க. அது தப்புனு நாலு பேரு முன்னால கூப்பாடு போட வெச்சு, எம்பேர வேற அதுல எழுதிக் காட்டி, அவரு போனுக்கும் சேதி போனா, அவரு மனசு என்னத்துக்குங்க ஆகும்?"

கூப்பாடும் பெயரும் சேதியும் கோவிந்தராஜின் யோசனை இல்லை. என் நோட்டின் மூன்றாவது கட்டத்தில் நான் எழுதியவை. இந்தப் பெண் தலையாட்டவே இல்லை. இரண்டு மாதமாக மெஷினை மறுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதை மெஷினுக்குத் தெரியாமல் செய்ய வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளியது என் பொத்தான். வெட்கமாக இருந்தது. முருங்கைக்காய் அம்மாவும் பூரி மெஸ்காரரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். இரண்டு நாளாக ஊரே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் பயணத் தமாஷ் என்று நினைத்திருக்கிறேன்.

இத்தோடு நின்றிருந்தால் வெட்கத்தோடு போயிருக்கும். மயிலாத்தா அடுத்த வார்ப்பைத் தட்டிக்கொண்டே, "போன மாசம் நாலு நாளு கொடுமுடிக்கு ஒரம்பரை சனங்களோட போயிட்டனுங்க. அப்ப யாரு தட்டுனாங்கன்னுதான் தெரியலீங்க," என்றார்.

அந்த நாலு நாள் வார்ப்புகள் எங்கே என்று கேட்டேன். அவர் கை காட்டிய இடத்தில், ஜெர்மனிக்கு முகவரி ஒட்டிய பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன.

கோவிந்தராஜைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தான் விஷயத்தில் தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் கூடையைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். கடைசியாக மயிலாத்தாவிடம், "எங்கிட்ட ஏங்க சொல்லல?" என்றார். கோபம் இல்லை. நிஜமாகவே புரியவில்லை அவருக்கு.

"நீங்க வாரப்பெல்லாம் மெஷினு நல்லா ஓடுதுங்களான்னு கேட்டீங்க. நல்லாத்தானுங்களே ஓடுது," என்றார் மயிலாத்தா.

கோவிந்தராஜ் மறுபடி பெட்டிகள் பக்கம் திரும்பினார். வெள்ளிக்கிழமை என்ற சொல் அவர் தலைக்குள் ஓடுவது எனக்குத் தெரிந்தது. பெட்டிகளைத் திறக்காமலே அனுப்பிவிடலாம். சாட்சி என்று எதுவும் இல்லை. பதிவேட்டில் எல்லாம் பச்சை. நானும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முழுக்கையை மடித்து விட்டுக்கொண்டு, "இன்னைக்கே பிரிச்சுபோடலாமுங்க," என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு அப்போது வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

வியாழன் முழுக்க தட்டலும் அறுப்பும். முதலில் நீலக் கூடையில் இருந்த ஒன்பதை அறுத்துப் பார்த்தோம். மெஷினை நம்பாதவள் காதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஏழில் உள்ளே கீறல் இருந்தது, இரண்டு நல்லவை. மயிலாத்தாவுக்கு அந்த இரண்டும் வருத்தம். எனக்கு அதுதான் திருப்தி. இனி மெஷினும் தவறலாம், மனிதரும் தவறலாம், இரண்டுக்கும் பதிவு இருக்கும்.

பிறகு பெட்டிகள். மயிலாத்தாவோடு இன்னும் மூன்று பெண்கள், கோவிந்தராஜ், நான். எனக்கு முதல் அரை மணி நேரம் எல்லாச் சத்தமும் ஒன்றாகவே கேட்டது. கோவிந்தராஜுக்கும் அப்படித்தான். "கொஞ்சம் மெதுவா தட்டுங்க மொதலாளி, உங்களுக்கும் கேக்குமுங்க," என்றார் மயிலாத்தா. மத்தியானத்துக்கு மேல் ஒரு வார்ப்பைத் தட்டிவிட்டு கோவிந்தராஜ் அப்படியே நின்றார். மறுபடி தட்டினார். மொத்தென்றது. அறுத்தோம். மேலே ஒரு கீறலும் இல்லை, உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. மாலைக்குள் அதுபோல ஆறு கிடைத்தன. ஆறையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் புளோக்கில் தினமும் என்னோடு லிஃப்டில் ஏறும் சீனத் தாத்தாவும் அவருடைய காய்கறித் தள்ளுவண்டியும்தான் என் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

டீ இடைவேளைகளில் என் நோட்டைத் திருத்தினேன். மஞ்சள் பொத்தானை அடித்தேன். அந்த இடத்தில் நீலக் கூடை என்று எழுதினேன். கூடை இனி மேசைக்கு அடியில் இருக்காது, மேலே, மயிலாத்தாவின் கைக்குப் பக்கத்தில், ஒரு எடைத் தட்டின்மேல் இருக்கும். அதில் ஒரு வார்ப்பு விழுந்தாலே அது மறுப்பு. கூவல் கிடையாது. திரையில் பெயரும் வராது. எந்த ஷிப்ட், எந்த ஆள் என்பது பதிவேட்டுக்குள் மட்டும். காரணம் சொல்ல நினைத்தால் வாயால் சொல்லலாம், எழுத்தாகிவிடும். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. தட்டத் தெரிந்தவர் இல்லாத ஷிப்டில் கிரேட்டைப் பூட்ட மெஷின் விடாது. ஒரு வாரம் முழுக்கக் கூடை காலியாகவே இருந்தால் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, கோவிந்தராஜ் நேரில் வந்து பார்க்க வேண்டும். வந்தால் 'நல்லா ஓடுதுங்களா' என்று கேட்கக் கூடாது, 'இன்னைக்கு எதை எடுத்து வெச்சீங்க' என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசி வரியையும் மெஷினுக்கான தேவைகளோடுதான் எழுதினேன்.

"கேள்வியக்கூட டிசைன் பண்ணோணுங்களா?" என்று கேட்டார் கோவிந்தராஜ்.

"உங்க ஊர்ல அதைத்தான் முதல்ல பண்ணணும்," என்றேன்.

சட்டத்தில் கூடை என்ற சொல் எங்கேயும் இல்லை. ஆனால் மெஷினின் முடிவை ஒதுக்கி வைக்க மனிதரால் முடிய வேண்டும் என்று இருக்கிறது. மயிலாத்தா அதை நான் வருவதற்கு முன்பே செய்துகொண்டிருந்தார். நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் அதற்குக் குறுக்கே நிற்காமல் இருப்பதுதான்.

வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போடவில்லை. கோவிந்தராஜும் கேட்கவில்லை. நடந்ததை அப்படியே ஜெர்மனிக்கு அவரே எழுதினார், ஆறு வார்ப்புகளின் படத்தோடு. விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் மெஸ்ஸில் நுழைந்தேன். "என்ன இல்லைங்க இன்னைக்கு?" என்று கேட்டேன். பரிமாறுபவர் சிரித்துவிட்டார். "பூரியும் பொங்கலும் இல்லீங்க," என்றார். கேள்வியை மாற்றியதும் பதில் ஒரே வீச்சில் வந்துவிட்டது. இட்லியே சாப்பிட்டேன்.

ஜெர்மனிக்காரர்கள் இரண்டு வாரம் அவகாசம் கொடுத்து, புதிய ஏற்பாட்டில் ஒரு வாரப் பதிவைக் கேட்டார்கள். அந்தப் பதிவு எனக்கு வந்தபோது கையில் பையோடு எங்கள் புளோக்கின் லிஃப்டுக்குள் நின்றிருந்தேன். பக்கத்தில் சீனத் தாத்தா, தள்ளுவண்டியில் கீரை. போனில் திறந்தேன். முதல் நாளிலேயே கூடைக்குள் நான்கு விழுந்திருந்தன. மூன்றுக்குக் காரணம் எதுவும் இல்லை. நான்காவதுக்கு நேராக மயிலாத்தாவின் குரல் எழுத்தாகியிருந்தது: "இது ஒண்ணு மட்டும் சரியில்லீங்க. மத்ததெல்லாம் மெஷினு நல்லாத்தான் பாக்குதுங்க, தப்பா நெனச்சுக்க வேண்டாமுங்க."

அறிக்கையின் நான்காவது கட்டத்தில், சாட்சி என்ற இடத்தில், அந்த வரியை ஒரு எழுத்தும் மாற்றாமல் வைத்து, கீழே மொழிபெயர்ப்பையும் போட்டேன். பிற்பாதி தேவையில்லாத உபசாரம், எடுத்துவிடலாமே என்று ஜெர்மனியிலிருந்து கேட்டார்கள். எடுக்க முடியாது, அது இருப்பதால்தான் முற்பாதியை அவரால் சொல்ல முடிந்தது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.